பாகீரதியும் பழைய விலாசமும்

திரையில் கோடு விழுந்தால் பாகீரதி முதலில் துப்பட்டா நுனியால் அதைத் துடைத்துப் பார்ப்பார். கோளாறு கண்ணாடியில் இல்லை என்று அந்த அறையில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். "தெரியும். ஆனா வெறும் தூசியா இருந்துட்டா எவ்வளவு நன்னா இருக்கும்!" என்பார். கொல்கத்தாவில், சால்ட் லேக் செக்டர் ஃபைவில் எங்கள் அலுவலகத்தின் கிராபிக்ஸ் டிரைவர்களை எழுதுகிறவர் அவர். திரையில் எதை, எங்கிருந்து எடுத்துக் காட்டுவது என்று சிப்புக்குச் சொல்லும் மென்பொருள் அது.

அதே ஊரின் பெஹாலாவில் பிறந்து வளர்ந்த தமிழர். சிப்பைத் திட்டுவது வங்காள மொழியில். தன்னைத் திட்டிக்கொள்வது தமிழில். இரண்டுக்கும் அன்றாடம் வேலை இருக்கும். மிஷ்டி தோய் என்கிற வங்காள இனிப்புத் தயிரில் மோர்மிளகாயை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவார். இதைப் பார்த்த வங்காளிகளும் தமிழர்களும் ஒரே மாதிரி முகம் சுளித்ததை நானே கண்டிருக்கிறேன்.

அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அவர் செய்வதற்கெல்லாம் கையேடு எழுதுவது என் வேலை. என் கையேட்டைப் படித்து எவரும் எந்த இயந்திரத்தையும் இயக்கியதாக இதுவரை தகவல் இல்லை. புரியாத இடத்தில் புரிந்ததுபோலத் தலையாட்டுவதில் மட்டும் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

சென்ற மழைக்காலத்தில், சின்ன நர்சிங் ஹோம்களுக்கான ஸ்கேன் இயந்திரம் ஒன்றுக்கு நாங்கள் சர்க்யூட் போர்டு செய்து கொடுத்தோம். சோதனை ஓட்டத்தின்போது ஒரு கர்ப்பிணியின் படத்துக்கு நடுவே, அவருக்கு முன்னால் வந்துபோனவரின் படத்துண்டு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர் கவனித்துவிட்டார். கவனிக்காத டாக்டர் ஒருவர் கையில் அது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

"போர்டுதான் காரணம். என் டிரைவர் சரியா இருக்கு" என்றார் பாகீரதி. போர்டை வடிவமைத்தவர் பிரிட்டோ. தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்.

"மேடம், போர்டையும் மாத்திட்டேன், மெமரியையும் மாத்திட்டேன். அதே துண்டுதான் வருது."

"இன்னொரு தரம் மாத்துங்கோ."

மாற்றினார். மறுபடியும் வந்தது. பிரிட்டோவை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடலாம் என்று எங்கள் மேலாளர் சுப்ரியாதி, அதாவது சுப்ரியா அக்கா, பேச ஆரம்பித்தார். பிரிட்டோ எங்களோடு சாப்பிட வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு மத்தியானம் கையேட்டுக்காக நான் பாகீரதியிடம் விளக்கம் கேட்டேன். மிஷ்டி தோய்ச் சட்டியோடு சொல்லத் தொடங்கினார்.

"இந்த சிப்புக்குச் சொந்தமா மெமரி கிடையாது, வெங்கட். கம்ப்யூட்டர் மெமரியில அங்கங்கே கிடைச்ச இடத்தில குடியிருக்கு. ஒரு துண்டு ஊருக்குத் தெற்கே காளிகாட்ல, இன்னொரு துண்டு வடக்கே டம்டம்ல. ஆனா தன் வீடெல்லாம் ஒரே தெருவில வரிசையா இருக்குன்னு அது நம்பிண்டிருக்கு. அதுக்காக நடுவில ஒரு அட்டவணை வெச்சிருக்கோம். 'மூணாம் நம்பர் வீடா? அது நிஜத்தில டம்டம்ல'ன்னு, சிப்புக்கும் மெமரிக்கும் நடுவில இருக்கிற சிப்செட் அதைப் பாத்து மாத்திக்கும்."

தலையாட்டினேன்.

"ஒவ்வொரு தடவையும் அட்டவணையைப் பாத்தா நேரமாகும். அதனால இப்போ பாத்த விலாசத்தையெல்லாம் சிப்செட் மனப்பாடமா வெச்சுக்கும். நம்ம கூரியர்காரன் மாதிரி."

"வீடு மாறினா?"

"அட்டவணையில மாத்திடுவேன்."

"சரி, மனப்பாடம் பண்ணினவனுக்கு யார் சொல்வா?"

இது புத்திசாலித்தனமான கேள்வி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் அப்போதுதான் வீடு மாறியிருந்தேன். என் பார்சல்களெல்லாம் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தன. அந்த எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

பாகீரதியின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. "நான்தான் சொல்லணும். பழசை மறந்துடுன்னு ஒரு வரி எழுதணும். எழுதியிருக்கேனே, எல்லா இடத்திலயும்..." என்றபடியே திரையில் தேட ஆரம்பித்தார்.

ஓரிடத்தில் எழுதியிருக்கவில்லை. டாக்டர் படத்தைப் பெரிதாக்கும்போது அதற்கு பாகீரதி புது இடம் ஒதுக்கியிருந்தார், அட்டவணையையும் மாற்றியிருந்தார். மறக்கச் சொல்லும் வரியை மட்டும் மறந்திருந்தார். சிப்செட் பாவம், பழைய விலாசத்துக்கே போய், அங்கே கிடந்த முந்தைய நோயாளியின் படத்தை எடுத்து வந்துகொண்டிருந்தது.

"அடி மக்கு!" என்றார், சுத்தமான தமிழில்.

அந்த வரியைச் சத்தமில்லாமல் சேர்த்து, புது வெர்ஷன் என்று அனுப்பியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அதை மறைக்கக் கையேட்டில் அழகாக ஒரு வாக்கியமும் எழுதியிருப்பேன். பாகீரதி வரியைச் சேர்த்ததும் சுப்ரியாதியையும் பிரிட்டோவையும் கூப்பிட்டார். குரல் கேட்டு மற்றவர்களும் வந்து கூடினார்கள்.

"போர்டு நன்னா இருக்கு. தப்பு என்னோடது. இத்தனை நாளா இவரைப் படுத்தி எடுத்துட்டேன், மக்கு மாதிரி. மாதிரி என்ன, மக்குதான்." இதையே சுப்ரியாதிக்காக வங்காள மொழியிலும் சொன்னார். அதில் 'மக்கு' மட்டும் தமிழாகவே இருந்தது.

சுப்ரியாதி நம்பாமல் பார்த்தார். பாகீரதி எழுந்து, தன் நாற்காலியை பிரிட்டோ பக்கம் தள்ளினார். "நீங்களே ஓட்டிப் பாருங்கோ."

பிரிட்டோ தயங்கி உட்கார்ந்தார். ஒரு ஸ்கேனை ஓடவிட்டு நிறுத்தினார். அடுத்ததைத் திறந்து படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், மறுபடியும் பெரிதாக்கினார். துண்டு எதுவும் வரவில்லை. நாங்கள் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாகீரதி மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, பிரிட்டோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.