தொண்ணூற்றேழு நாள் வராதவள்

ஹார்பர் பக்கத்துச் சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை காலியானது 1946-இல். பதினான்கு வருஷ சர்வீஸோடு முதல் ஆளாக நின்றவள் நாசரேத்து ஜீவமணி. வேலை செண்பகத்துக்குப் போனது. செண்பகத்துக்கு மூன்று வருஷ சர்வீஸ். தெர்மாமீட்டரை உதறக்கூடத் தெரியாது. ஆனால் பெரிய டாக்டரின் மைத்துனர் மகளாகப் பிறக்கத் தெரிந்திருந்தது.

கிளார்க் மாசானம் சர்வீஸ் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினான். "43-ல தொண்ணூத்தேழு நாளு அனுமதியில்லாம வரலன்னு இருக்கு. அதுக்கு முந்தின சர்வீஸ் செல்லாது. நீங்க இப்ப செண்பகத்துக்கு ஜூனியரு."

அந்தத் தொண்ணூற்றேழு நாளும் ஜீவமணி புன்னைக்காயலில் காலராக் கொட்டகையில் வாளி சுமந்துகொண்டிருந்தாள். "போய்ப் பாருங்க சிஸ்டர்" என்று பெரிய டாக்டர் வாயால் சொன்னதுதான் உத்தரவு. அந்த மாதங்களின் சம்பளத்தைத் தாலுகா ஆபீஸ் கொடுத்தது. அந்தச் சம்பள ஏட்டைக் கரையான் தின்றுவிட்டதாம். கரையானும் சர்க்கார் உத்தியோகத்தில்தான் இருந்தது போலும்.

அவள் சென்னைக்கு மனுப் போட்டாள். நியமனங்களையும் பதவி உயர்வுகளையும் சரிபார்க்கும் அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வருவதாகப் பதில் வந்தது.

"அதிகாரின்னா கொம்பா மொளச்சிருக்கு? சீலா மீன் கொழம்பத் தின்னுட்டு ரயில் ஏறிருவாரு. பேசாம இரிங்க" என்றான் மாசானம்.

பேசாமல் இருக்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. புன்னைக்காயலுக்குப் போய்க் கோயில் உபதேசியார் அம்புரோஸைப் பிடித்தாள். சாகக் கிடக்கும் பச்சைக் குழந்தைக்குச் சாமியார் வர நேரமில்லையென்றால், பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயரைக் கோயில் புத்தகத்தில் எழுதுவார்கள்.

அம்புரோஸ் பக்கங்களைப் புரட்டிச் சிரித்தார். "நீங்க வேற சபை. எங்க கோயில் வாசப்படிய ஒரு நாளு மிதிச்சதில்ல. எங்க புஸ்தகத்துல ஒம்பது எடத்துல இருக்கீகளே நர்சம்மா!"

ஒன்பது குழந்தைகள். முதல் வாரம் தொடங்கிக் கடைசி வாரம் வரை தேதி போட்டிருந்தது. ஒன்பதில் இரண்டு பிழைத்தன. சாமியார் கையெழுத்தோடு நகல் வாங்கிக்கொண்டு அவள் அன்றே திரும்பினாள்.

விசாரணை பெரிய டாக்டரின் அறையில் நடந்தது. அதிகாரி நகலை இரண்டு முறை படித்தார். "நீங்க அங்க இருந்ததுக்கு இது போதும். ஆனா அனுப்பினது யார்? நீங்களாவே போயிருக்கலாமே?"

"பக்தி ஜாஸ்தி சார். கோயிலு குருசடின்னு போயிருப்பாங்க" என்றார் பெரிய டாக்டர், நாற்காலியில் சாய்ந்தபடி.

"ஐயா, அவங்க தலைக்கு மேல மாட்டியிருக்கத வாசிங்க" என்றாள் ஜீவமணி.

அதிகாரி எழுந்து போய்க் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்ததை உரக்கவே வாசித்தார். புன்னைக்காயல் காலரா முகாமுக்குத் தம் நர்ஸை அனுப்பி, மூன்று மாதம் திறம்பட நடத்திய பெரிய டாக்டருக்குக் கலெக்டர் கொடுத்த பாராட்டு. மூன்று வருஷமாக அது அங்கேயே தொங்கியது. அதன் அடியில் உட்கார்ந்துதான் அவர் 'வரவில்லை' என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த மாசானம் மைக்கூட்டுக்குள் எதையோ தேடினான்.

உத்தரவு வர எட்டு மாதமாயிற்று. நியாயத்துக்கு அவ்வளவு முத்திரை வேண்டியிருந்தது. அநியாயத்துக்கு ஒரு கையெழுத்து போதுமாயிருந்தது. பெரிய டாக்டருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை அவர் சட்டம் போட்டு மாட்டவில்லை.

அடுத்த மழைக்கு அவர் வார்டு வாசலில் நின்று, "சிஸ்டர், ஆத்தூர்ல காலராவாம். யாரையாவது அனுப்புங்க" என்றார்.

தலைமை நர்ஸ் ஜீவமணி ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "எழுதிக் கொடுங்க ஐயா. பேரு செண்பகம்னு போடுங்க. இப்ப அவதான் ஜூனியரு."

பேனாவில் மை இல்லை என்றார் டாக்டர். அவள் மைக்கூட்டையும் நகர்த்தி வைத்தாள்.