என் மூக்கை நான் நம்பாத நாள்

வாழைச்சேனையில் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பத்து வருடம் ஐஸ்கட்டி தூக்கிய எனக்குப் போன வருடம்தான் இயந்திரம் பார்க்கும் பொறுப்புக் கிடைத்தது. ஆனால் மனதுக்குள் ஒரு பேச்சு ஓயவில்லை: 'நீ பள்ளிக்கூடத்து ஓஎல் பரீட்சையிலேயே பெயில். உனக்கென்ன தெரியும்?'

ஒரு நாள் காலையில் அமோனியா வாயு லேசாக மணத்தது. ஐஸ் உறைவதற்கு அதுதான் வேண்டும். ஆனால் கசிந்தால் ஆளையே கொன்றுவிடும். அதற்கு முதல் நாள்தான் கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர் எல்லாம் சரி என்று சொல்லிப் போயிருந்தார். 'படித்தவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகிறது?' என்று என்னையே அடக்கிக்கொண்டேன்.

அரைமணி நேரத்தில் உள்ளே நின்ற என் கூட்டாளி யோகன் கத்தினான்: "மச்சான், கண் எரியுது! மூச்செடுக்க ஏலாம கிடக்கு!" ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடி அவனை வெளியே இழுத்து வந்தேன். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான்.

பார்க்கப் போனபோது அவன் மனைவி கேட்டாள்: "அண்ணன், உங்களுக்கு முந்தியே மணக்கல்லயா?"

"மணத்தது தங்கச்சி. நான்தான் சொல்லல்ல."

யோகன் மெதுவாகச் சொன்னான்: "உன்ட மூக்க நம்பித்தானே மச்சான் நாங்க உள்ளுக்க நிக்கிறம்."

'உனக்கென்ன தெரியும்?' என்ற அந்தப் பழைய பேச்சு இப்போதும் மனதுக்குள் வருகிறது. 'பத்து வருடமாக இந்த மணத்தை அறிந்தவன் நான்' என்று அதற்குப் பதில் சொல்கிறேன். சந்தேகம் வந்தவுடன் எல்லோரையும் வெளியே போகச் சொல்கிறேன். இரண்டு தடவை கசிவே இல்லை, என் சந்தேகம் பிழையாகிப் போனது. இரண்டு தடவையும் ஒரு கேள்வியும் கேட்காமல் முதலில் எழுந்து வெளியே போனவன் யோகன்தான்.