காகம் தொட்ட சோறு

மலேசியாவின் இரண்டாம் உலகப்போர்க் களங்களைச் சுற்றிக்காட்டும் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பருத்த அம்மா. வழிகாட்டி எதைச் சொன்னாலும் "ம்க்கும்" என்பார். ஜப்பானியப் படை ஆஸ்திரேலிய, இந்திய வீரர்களைக் கொன்ற பாரிட் சுலோங் பாலத்தருகே வழிகாட்டி மலர்வளையம் வைத்ததும், அந்த அம்மா பக்கத்திலேயே வாழையிலையில் சோறு வைத்தார்.

"ஆன்ட்டி, குப்பை போடாதீங்க லா. எடுங்க."

"உன் பூ மட்டும் காயாதா? இங்க செத்ததுல நம்மாளுங்களும் இருக்காங்கன்னு நீதானே சொன்ன. காக்கா தொட்டாத்தான் வருவேன்."

"பஸ் கிளம்பிரும்."

"கிளம்பட்டும்."

வந்த காகமும் ஹாரன் சத்தத்தில் பறந்துவிட்டது. பேருந்தே அவரைத் திட்டியது.

"செத்தவங்க யாராவது உங்க சொந்தமாம்மா?" என்றேன்.

"சொந்தக்காரன் வச்சிருந்தா நான் ஏன் வைக்கிறேன்?" என்று என் மேல் பாய்ந்தார்.

காகம் திரும்பி வந்து கொத்திய பிறகே ஏறினார்.

இப்போது அமாவாசைப் படையலில் ஒரு பிடி கூடுதலாக வைக்கிறேன். யாருக்கு என்று வீட்டில் கேட்டால், நானும் சிடுசிடுக்கிறேன்.