மாறவிடாத காயம்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, நாரந்தனையில் எங்கள் வளவில் அடுக்கியிருந்த பனைமட்டைகளைப் பாய்ந்து கடக்கப் போய் விழுந்தேன். மட்டையின் ஓரக் கருக்கு வாள் போல முழங்காலைக் கிழித்துவிட்டது. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அயல் வீடு இரண்டு காணி தள்ளி. அப்பா மாத்தறையில் கடை வைத்திருந்தார். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். எனக்குக் கூச்சம் தெளிந்து அவரோடு கதைக்கத் தொடங்கும் நேரத்தில் திரும்பிப் போய்விடுவார்.

மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். அதில் வேலி அடைப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் இருக்கும், நான் இருக்கமாட்டேன். நான் விழுந்ததை அம்மா எழுதிப் போட, ஒரு கிழமைக்குள் பதில் வந்தது. "பிள்ளைக்குக் காயம் மாறிவிட்டதா? உடனே எழுதவும்." அந்த வரியை மட்டும் நான் எழுத்துக்கூட்டித் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

காயம் ஆறி மாறத் தொடங்கியிருந்தது. மேலே காய்ந்த இரத்தம் கறுத்த அயறாய்க் கட்டி, ஓரமெல்லாம் அரித்தது. மாறிவிட்டால் அப்பா எதைக் கேட்டு எழுதுவார்? கிணற்றடியில் குந்தியிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நகத்தால் அதைக் கிளப்பினேன். கீழே சிவப்பாக ஈரம் கசிந்தது.

இன்னும் மாறவில்லை என்று அம்மா எழுதினா. உடனே அடுத்த கடிதம் வந்தது. நான் மறுபடி கிளப்பினேன். இப்படி மூன்று நான்கு தரம்.

கடைசியில் சீழ் பிடித்து, அம்மா என்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனா. அங்கே வருத்தம் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி என் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"இது கீழையிருந்துதான் மாறிக்கொண்டு வரும். அயறு அதுக்கு மூடி. பிய்க்கப் பிய்க்க, உடம்பு அவசரத்திலை கிடைச்சதைப் போட்டு அடைக்கும். பிறகு அந்த இடம் பழைய தோலாய் வராது, தழும்பாய்த்தான் நிக்கும். பிள்ளை நோண்டிறாளோ?"

நான் விரல்களை மடக்கி நகங்களை மறைத்துக்கொண்டேன்.

"இல்லை. அவள் தொடுறேல்லை," என்றா அம்மா.

ஒவ்வொரு பின்னேரமும் வெந்நீரில் என் காயத்தைக் கழுவியவ அம்மாதான். ஆனாலும் நக அடையாளம் அவவின் கண்ணில் படவில்லை என்றே நம்பினேன்.

சீழ் பிடித்த செய்தி போன ஐந்தாம் நாள், அப்பா சொல்லாமல் கொள்ளாமல் படலையைத் திறந்துகொண்டு வந்தார். பெட்டியைக் கீழே வைக்காமலே என் முழங்காலைப் பார்த்தார். பத்து நாள் நின்றார். தானே மருந்து கட்டினார். கட்டும்போது கடைக்கு வருகிற ஆட்களைப் பற்றிக் கதை சொன்னார். அம்மா குசினிக்குள் சமைத்தபடி கேட்டு, இடையிடையே சிரித்தா. அவ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தப் பத்து நாளும் நான் காயத்தில் கை வைக்கவில்லை. தேவையிருக்கவில்லை.

காயம் மாறியது. இளஞ்சிவப்பாய்த் தடித்து, மினுங்கிக்கொண்டு ஒரு தோல் மூடியது. இன்றைக்கும் அந்த இடத்தில் மயிர் முளைப்பதில்லை, வியர்ப்பதில்லை. அப்பா அதை விரலால் அமர்த்திப் பார்த்து, இனிப் பயமில்லை என்றார். அடுத்த நாள் காலை பஸ் ஏறினார்.

அன்று பின்னேரம் அம்மா என்னைக் கூப்பிட்டு, என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்தா. என் விரல் நகங்களை ஒருதரம் பார்த்துவிட்டு, கனநேரம் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தா. கண்ணால் நீர் வடிந்தது. காயம் மாறின சந்தோசத்தில் அழுகிறா என்று நினைத்து, நான் சிரித்துக் காட்டினேன்.