பின் சீட்டு

பைக் விற்பனைக்கு என்று கேள்விப்பட்டு, கே.கே. நகரில் அதன் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனேன். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. பேசும்போதெல்லாம் கைக்குட்டையால் பெட்ரோல் டேங்க்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நெடுந்தூரம் போவதற்கான பெரிய பைக். பின் சீட்டில் மட்டும் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"இந்த மாடல்ல எஞ்சினையே மாத்திட்டாங்க சார். சத்தம் கம்மி. பின்னாடி உக்கார்றவங்க பேசினா நல்லா கேக்கும்னு சொன்னாங்க. அதுக்காகத்தான் வாங்கினேன்."

"கேக்குதா?"

பின் சீட்டு உறையைக் கிழித்தார். "உக்காருங்க, ஓட்டிக் காட்டுறேன்."

காவிரிப் பாலத்தில் வேகத்தைக் குறைத்தார். "ஏதாவது பேசுங்க சார்."

"ராஜகோபுரம் தெரியுது" என்றேன்.

"கேக்குதுங்க!"

நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். அன்று ஸ்ரீரங்கம் வரும்வரை என் வாய் ஓயவில்லை.