பானைக்குள் மூன்று கோடு

கதையெல்லாம் எப்படித் தோன்றுகிறது என்று கேட்பவர்களிடம், "கற்பனைதான்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். பச்சைப் பொய். கற்பனை என்னிடம் மருந்துக்கும் கிடையாது. எனக்கு வாய்த்ததெல்லாம் இரண்டு காது, அதுவும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிற காது.

அப்போது தெற்கு வெளி வீதிப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தேன். வாத்தியார் வேலை. பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகளெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தன. அக்காவைப் பழங்காநத்தத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிற சாக்கில் எங்கள் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் என் மனைவியிடம் மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் போவாள்.

ஒரு நாள் சொன்னாள்:

"எங்க அத்தை வெளிய கிளம்புறப்ப பானை அரிசிய மட்டம் பண்ணி, மேல வெரலால மூணு கோடு போட்டுட்டுப் போறாக தாயி. வந்ததும் மொதல்ல அதத்தான் தெறந்து பாக்குறாக. பசிச்ச வயித்தோட எம்புட்டு நேரந்தான் அந்தப் பானையவே பாத்துக்கிட்டு இருக்க?"

என் மனைவி அழுதுவிட்டாள். நான் அடுத்த அறையில் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

யாரும் அள்ளினால் தெரியட்டும் என்று களத்து நெல்லுக்குச் சாணிக்குறி வைப்பது ஊரறிந்தது. வீட்டுப் பானைக்குள் குறி வைப்பதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஊரை மாற்றினேன், பெயரை மாற்றினேன், பாவி, அக்காவை விதவைகூட ஆக்கினேன். அந்த மூன்று கோட்டை மட்டும் தொட மனம் வரவில்லை. அது போனால் கதையே இல்லை. இரண்டு கோடு என்றாவது எழுதித் தொலைத்திருக்கலாம்.

கதை அச்சாயிற்று. பத்திரிகையில் என் பெயரைப் பார்த்த அக்காவின் கொழுந்தன், பெருமை தாங்காமல் வீட்டார் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறான். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது, கேட்கத் தெரியுமே. மூன்று கோடு வந்த இடத்தில் எழுந்து உள்ளே போனாராம். அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அக்கா வரவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன்க்கா."

"நான் அவகிட்டதான தம்பி சொன்னேன்? ஒங்கிட்டயா சொன்னேன்?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். நான் திரும்பி வந்த பிறகு, என் மனைவி யாரோடு பேசினாலும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். பேனாவை எடுத்தால் ஒரு வரி வரவில்லை. யாரும் என் காதில் படும்படி எதையும் பேசுவதில்லை, எனக்கோ சொந்தமாக ஒன்றும் தோன்றுவதில்லை. நாதியற்றுப்போனேன்.

மூன்றாம் வருஷம் அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். ஆள் வந்து சொன்னதும் ஓடினேன். தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. அவள் பட்ட பாட்டையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். வாசலில் நான் நுழைந்ததும் ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் கையை அழுத்தினாள். ஒப்பாரி நின்றது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெறுமனே அழுதார்கள்.

அக்காவின் தலைமாட்டில் நின்றேன். இவ்வளவு நேரம் என்ன சொல்லி அழுதார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது.