பதுளையில் ஆறு பியரும் ஒரு வைனும்

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை ஏழரைக்குப் பசறையில் பதுளை பஸ் ஏறினேன். பதினெட்டு கிலோமீட்டர், டிக்கெட் நூறு ரூபாய். வளைவுக்கு வளைவு இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. அது பாதையால் வந்ததல்ல. நான் போகும் வேலை அப்படி.

மகளைப் பெண் பார்த்துப் போனவர்கள் தீபாவளிக்கு முதல்முறையாக விருந்துக்கு வருகிறார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சம்பந்தி முன்னால் போத்தல் வைக்காமல் சோறு போட்டால் அது மரியாதைக் குறைச்சல். என் வீட்டுக்காரரோ சாராயத்தை விட்டு ஒன்றரை வருசம்தான் ஆகிறது. அவரைச் சாராயக்கடைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்தே ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை.

பக்கத்து வீட்டுச் செல்வி கொழும்பில் பெரிய வீடொன்றில் சமைத்துவிட்டு வந்தவள். அவளிடம் யோசனை கேட்டேன்.

"ஆம்பளைங்க மூணு பேருக்கு ஆறு பியர் போதும். பொம்பளைங்களுக்கு இனிப்பு வைன் ஒண்ணு. ஆட்டுக்கறிக்குச் சிவப்பு வாங்குங்கக்கா, வெள்ளைய வாங்கிட்டு வந்து முழிக்காதீங்க" என்றாள்.

வீட்டில் பிரிஜ் இல்லை. பியரை முதல்நாளே பீலியில் கொட்டுகிற மலைத் தண்ணீரில் போட்டுவைக்கலாம், நன்றாகக் குளிர்ந்துவிடும். பியர் என் வீட்டுக்காரருக்கு ஆகாது. கசக்கிற சோப்புத் தண்ணி என்பார். எனக்கு வேண்டியதும் அதுதான். பசறையில் வாங்கினால் நான் லயத்து வீட்டுக்கு வருமுன் செய்தி வந்துவிடும். அதனால்தான் பதுளை.

கடை திறக்கும்வரை பஜாரைச் சுற்றினேன். துணிக்கடை, பட்டாசுக்கடை எல்லாவற்றிலும் "வாங்கம்மா, வாங்கம்மா" என்று கையைப் பிடிக்காத குறை. சாராயக்கடையில் மட்டும், கம்பிக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்த்ததும் போ போ என்று கையை ஆட்டினார்.

"பொம்பளைங்களுக்குக் குடுக்கக் கூடாதும்மா, சட்டம். வீட்டுக்காரர வரச் சொல்லுங்க."

"அவரு வரக் கூடாதுன்னுதானே நான் வந்திருக்கேன்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்கள் பக்கத்தில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தைக் காய்ச்சி விற்கிறவள் ஒரு பெண். அதைக் குடித்து வடிகானில் கிடக்கிறவரைத் தூக்கி வந்து கழுவுகிறவளும் பெண்தான். அங்கெல்லாம் இந்தச் சட்டம் எட்டிப் பார்த்ததில்லை. விருந்தாளிக்கு ஒரு வைன் வாங்க வந்தால்தான் நான் பெண் என்று அதற்குத் தெரிகிறது.

வரிசையில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், "குடுங்கக்கா, நான் வாங்கித் தர்றேன்" என்றார். சம்பந்தி விருந்துக்கு ஆறு பியர், ஒரு சிவப்பு வைன் என்று இரண்டு தரம் சொல்லிக் காசைக் கொடுத்தேன். பியருக்குப் பதில், வைனோடு ஒரு முழுப் போத்தல் சாராயம் வாங்கி வந்து நிற்கிறார்!

"சம்பந்திக்குப் போய் பியரா? கேவலமா நெனைப்பாங்கக்கா. அதே காசுதான். விருந்தன்னிக்கு என்னைய நெனைச்சுக்குவீங்க."

எந்தப் போத்தலுக்குப் பயந்து இவ்வளவு தூரம் வந்தேனோ, அதே போத்தல் என் கையில். மாற்றித் தரச் சொல்லிக் கம்பிக்காரரிடம் போனேன்.

"வித்தா வித்ததுதான்" என்றார்.

"யாருக்கு வித்தீங்க? எனக்கு விக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க! காசு என்னோடது, போத்தல் என் கையில. இந்த வாசல்லயே ஒக்காந்து, இந்தக் கடையிலதான் வாங்குனேன்னு போற வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றேன். சட்டம் வரட்டும்."

"ஐயா, மாத்திக் குடுத்துட்டு எங்களக் கவனிங்க. இந்தம்மா போக மாட்டாங்க" என்றார் வரிசையில் ஒரு பெரியவர்.

கம்பிக்காரர் சாராயத்தை வாங்கிக்கொண்டார். பியரை என்னிடம் தரவில்லை. வெள்ளைச் சட்டையிடம் கொடுத்தார். அவர் அரை அடி திரும்பி என்னிடம் கொடுத்தார். சட்டம் காப்பாற்றப்பட்டதாம்!

திரும்பும் பஸ்ஸில் எவ்வளவு துணி சுற்றியும் போத்தல்கள் சும்மா இருக்கவில்லை. "பையில கோயில் மணியாக்கா?" என்றான் கண்டக்டர்.

"ஆமா, விழுந்து கும்புட்டுக்க" என்றேன். பிறகு அவன் என் பக்கம் வரவில்லை.

பசறையில் இறங்கினால் வீட்டுக்காரர் நிற்கிறார். செல்வி சொல்லியிருக்க வேண்டும். பையைப் பார்த்தார், கை நீட்டவில்லை.

"சாராயம் இருக்கா புள்ள?"

"இல்லங்க. பியரும் வைனுந்தான்."

அப்பாடா என்றார். "காலையிலருந்து அதே பயந்தான் எனக்கு."

பதுளையில் ஆளாளுக்கு எனக்குச் சட்டமும் மரியாதையும் சொல்லித் தந்தார்கள். இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. பையை அவரிடம் கொடுத்தேன்.